ஓரடுக்குக் குறைகடத்தியில் இலத்திரன் எங்கே இடறுகிறது? யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொலிப்டினம் இருசல்பைட்டின் ஓரடுக்கு மூன்று அணுக்கள் தடிப்பானது. நடுவில் மொலிப்டினம், அதன் மேலும் கீழும் கந்தகம். மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 0.65 நனோமீற்றர். அதற்குள் ஓடும் இலத்திரனுக்கு மேலே போகவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. நீளம், அகலம் என்ற இரு பரிமாணங்களுக்குள்ளேயே அது ஓடித் தீர வேண்டும்.

இந்தத் துறைக்குள் ஆர்வத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் அதன் அதிசயங்களில் தொடங்குகிறார்கள். குவாண்டம் ஹோல் விளைவு, பள்ளத்தாக்கு இலத்திரனியல், ஒளியால் பிறக்கும் இலத்திரன்–துளைச் சோடிகள் என்று படிக்கப் படிக்கத் தலை சுற்றும்; சில வாரங்களில் புத்தகம் மூடப்படும். நான் காட்டும் வாசல் வேறு. இலத்திரன் எதில் மோதுகிறது, எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை திசைமாறுகிறது என்பதை முதலில் படியுங்கள். சிதறல் அடங்கிய இடத்தில்தான் குவாண்டம் இயல்பு வெளியே தெரிகிறது. இந்த ஒழுங்கில் போனால் பின்னால் வருவதெல்லாம் தானாகப் பொருந்திக்கொள்ளும்.

உயர்தரப் பௌதிகவியல் படித்தவருக்கு இதற்கு வேண்டிய அடித்தளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நகர்வு வேகம், ஹோல் விளைவு, பொருள் அலைகள், குறைகடத்திகள் ஆகிய நான்கு பகுதிகளையும் மீண்டும் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விஞ்ஞான பீடத்தில் இருப்பவர், கிளிநொச்சியில் பொறியியல் படிப்பவர், பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர் என யாருக்கும் இது போதும். தமிழில் உயர்தரம் முடித்துவிட்டு ஆங்கிலவழி விரிவுரைகளுக்குள் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கீழே வரும் கணக்குகளைத் தமிழிலேயே, உங்கள் சொந்த வசனங்களில் கொப்பியில் எழுதுங்கள். புரியாத இடம் எதுவென்று அப்போதுதான் பிடிபடும்.

முதற்படி: ஒரு கணக்கு

ஆய்வுகூடத்தைத் தேடுவதற்கு முன் பேனாவை எடுங்கள். ஓரலகு மின்புலத்தில் இலத்திரன் பெறும் நகர்வு வேகத்தை நகர்திறன் என்கிறோம். அதன் வழக்கமான அலகு சதுர சென்ரிமீற்றர்/வோல்ற்று-செக்கன். இனி எண்ணை மட்டும் சொல்கிறேன். தூய சிலிக்கனில் அறை வெப்பநிலையில் இலத்திரனின் நகர்திறன் ஏறத்தாழ 1,400. சாதாரண சிலிக்கன் ஈரொட்சைட்டின் மேல் வைத்த மொலிப்டினம் இருசல்பைட்டு ஓரடுக்கில் 50 கிடைத்தால் அது நல்ல மாதிரி.

நகர்திறன் என்பது ஏற்றத்தையும் இரு மோதல்களுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, பயனுறு திணிவால் (படிகத்துக்குள் ஓடும்போது இலத்திரன் காட்டும் திணிவால்) வகுத்தது. இந்தப் பொருளில் இலத்திரனின் பயனுறு திணிவு சுயாதீன இலத்திரனின் திணிவில் ஏறத்தாழப் பாதி. 50 என்ற நகர்திறனை இட்டுப் பாருங்கள். மோதல் நேரம் 1.4 × 10⁻¹⁴ செக்கன் என்று வரும். 30 பாகை செல்சியஸில் அதன் வெப்ப வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.35 × 10⁵ மீற்றர். இரண்டையும் பெருக்கினால் மோதல்களுக்கு இடைப்பட்ட தூரம் 2 நனோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அணிக்கோவையில், திரும்பத் திரும்ப வரும் ஒரு கலத்தின் நீளம் 0.316 நனோமீற்றர் என்பதால், ஆறு கலங்களைத் தாண்டுவதற்குள் இலத்திரன் ஒருமுறை சிதறிவிடுகிறது.

இப்போது அதே இலத்திரனின் டீ புரொக்லி அலைநீளத்தைக் கணியுங்கள். விடை ஏறத்தாழ 11 நனோமீற்றர். அலைநீளம் 11, மோதாமல் ஓடும் தூரம் 2! தன் ஓர் அலையைக்கூட முடிக்காமல் இலத்திரன் சிதறிப்போகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வட்டமிடுங்கள். அறை வெப்பநிலையில் இந்தப் பொருளில் குவாண்டம் அலைவுகளை (காந்தப்புலத்தோடு மின்தடை ஏறி இறங்குவதை; ஐந்தாம் படியில் வரும்) காண முடியாததன் முதற் காரணம் அதில் இருக்கிறது. மோதல்களுக்கு இடையில் நேராக ஓடும் சிறு பந்து என்று உயர்தரத்தில் வரைந்த படமும் இங்கே அதன் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

குளிரில் நிலைமை மாறும். சதுர சென்ரிமீற்றருக்கு 10¹³ இலத்திரன்களும் 1,000 என்ற நகர்திறனும் உள்ள தூய ஓரடுக்கை எடுத்தால், அலைநீளம் அதே 11 நனோமீற்றர்தான். ஓடும் தூரமோ 37 நனோமீற்றர். மூன்று அலைகளுக்கு மேல் குலையாமல் போகிறது. மேலே உள்ள சமன்பாடுகளோடு பெர்மி வேகத்தையும் (குளிரில் மிக உயர்ந்த சக்தியில் உள்ள இலத்திரன்களின் வேகம்) சேர்த்து இந்த 37ஐ நீங்களே பெற்றுப் பாருங்கள். கணக்கில் ஸ்பின் இரண்டு, பள்ளத்தாக்கு (சக்திப் பட்டையின் தாழ்விடம்; ஐந்தாம் படியில் வரும்) இரண்டு என நான்கு மடங்கு வரும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இரண்டாம் படி: உரித்தல்

2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கொன்ஸ்தாந்தின் நொவோசெலொவும் காரீயத்திலிருந்து (பென்சிலில் உள்ள கிராஃபைற்று) ஒட்டுநாடாவால், ஓரணுத் தடிப்பான காபன் படலமாகிய கிராஃபீனை உரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் மிகத் தூய மாதிரிகள் பல அதே முறையில்தான் வருகின்றன.

கை பழக நம் நாட்டுக் காரீயத்தைவிடச் சிறந்தது எது? கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் ககட்டகஹவிலும் கிடைக்கும் நரம்புக் காரீயம் தூய்மைக்குப் பெயர் பெற்றது. அதில் பழகிய பிறகு மொலிப்டினம் இருசல்பைட்டுக்கு வாருங்கள். அதன் படிகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். சில மில்லிமீற்றர் துண்டு ஒன்று நெடுநாள் வரும். மோட்டார் கராஜ்களில் பயன்படும் கறுப்பு மொலி கிரீஸில் இருப்பதும் இதே சேர்மம்தான். அடுக்குகளுக்கிடையே வலுக்குறைந்த வான்டர்வால்ஸ் விசை மட்டும் இருப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஆனால் கிரீஸில் உள்ளது நுண்தூள்; அதை உரிக்க முடியாது.

படிகத்தை நாடாவில் அழுத்தி எடுங்கள். நாடாவைப் பல தடவை மடித்துப் பிரித்து, பளபளப்பு மங்கும் வரை துண்டுகளைப் பரப்புங்கள். 285 அல்லது 300 நனோமீற்றர் ஒட்சைட்டு வளர்த்த சிலிக்கன் தகட்டை அசற்றோனிலும் பின்னர் ஐசோபுரோப்பைல் அற்ககோலிலும் கழுவி உலர்த்துங்கள். அதன்மேல் நாடாவை அழுத்தி, மிக மெதுவாக உரியுங்கள். தகட்டை முன்கூட்டியே 100 பாகைக்குச் சற்று மேல் சூடாக்கி நீரை ஓட்டுவது எங்கும் நல்ல பழக்கம். வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் அதைத் தவிர்க்கவே கூடாது. தகட்டுக்கும் படலத்துக்கும் இடையில் சிக்கிய நீர்ப்படை பின்னால் அளவீடுகள் எல்லாவற்றையும் குழப்பும்.

நுணுக்குக்காட்டி விடயத்தில் ஒரு எச்சரிக்கை. பாடசாலை உயிரியல் ஆய்வுகூடங்களில் இருப்பது கீழிருந்து ஒளி பாய்ச்சும் வகை. சிலிக்கன் ஒளியை விடாது. மேலிருந்து ஒளி விழுந்து திரும்பும் உலோகவியல் நுணுக்குக்காட்டியே இங்கு வேண்டும். ஒட்சைட்டுப் படையில் ஏற்படும் தலையீட்டினால் ஓரடுக்குகூட மங்கிய நிற வேறுபாடாகத் தெரியும்.

அது ஓரடுக்குத்தானா என்பதை உறுதிசெய்யும் மிகச் சிறந்த கருவி, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவு. இப்பொருளின் ராமன் நிறமாலையில் இரு உச்சிகள் உள்ளன. தடித்த படிகத்தில் அவற்றின் இடைவெளி சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 25 அலைகள். ஓரடுக்கில் 19 அளவுக்குச் சுருங்கும். இரண்டாவது சான்று ஒளிர்வு. தடித்த படிகத்தின் சக்தி இடைவெளி ஏறத்தாழ 1.3 இலத்திரன்வோல்ற்று, அது மறைமுகமானது, அதாவது அதைத் தாண்ட இலத்திரனின் உந்தமும் மாற வேண்டும், ஆகவே ஒளிராது என்றே சொல்லலாம். ஓரடுக்கில் இடைவெளி நேரடியாக மாறி, 670 நனோமீற்றர் அருகே சிவப்பில் ஒளிர்கிறது. 2010இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்ட பிறகுதான் உலகம் இந்தப் பொருளின் பக்கம் திரும்பியது.

மூன்றாம் படி: சுற்றியிருப்பவற்றைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதற்குக் கொடுங்கள். சிலிக்கன் கட்டியில் ஓடும் இலத்திரனுக்கு மேற்பரப்பு தொலைவில் இருக்கிறது. ஓரடுக்கோ உள்ளறையே இல்லாத வீடு; முழுவதும் திண்ணை. தெருவில் நடப்பதெல்லாம் உள்ளே கேட்கும். ஆகவே ஒரே படலத்தை வெவ்வேறு காவலிகளின் மேல் வைத்தால் வெவ்வேறு நகர்திறன்கள் கிடைக்கின்றன. பொருளின் பண்பு என்று நாம் எழுதும் எண்ணில் பாதிக்கு மேல் அயலின் பண்பு.

இலத்திரனைச் சிதறடிப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தன் அணிக்கோவையின் அதிர்வுகள் முதலாவது. இவற்றைப் போனோன்கள் என்கிறோம். வெப்பம் இருக்கும் வரை இவை இருக்கும், நீக்க முடியாது. அடுத்து, கீழே உள்ள ஒட்சைட்டில் சிக்கிய ஏற்றங்கள். மெல்லிய படலத்தில் மின்புலக் கோடுகள் வெளியே பாய்ந்து திரும்புவதால், இலத்திரன்கள் கூடி அந்த ஏற்றங்களை மறைக்கும் ஆற்றல் குறைவு. எனவே வெளியில் இருக்கும் ஒரு சிறு ஏற்றமும் நெடுந்தூரம் தொல்லை தருகிறது.

மூன்றாவது, படலத்தின் சொந்தக் குறைகள். இயற்கைப் படிகத்திலிருந்து உரித்த ஓரடுக்கில் கந்தகம் விடுபட்ட இடங்கள் சதுர சென்ரிமீற்றருக்கு 10¹³ என்ற வரிசையில் காணப்பட்டுள்ளன. கந்தக அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு நான்கு. சிறிய பின்னமாகத் தோன்றலாம். ஆனால் அப்படி இரு குறைகளுக்கு இடைப்பட்ட சராசரித் தூரம் 3 நனோமீற்றர்தான். முதற்படியில் கண்ட 2 நனோமீற்றரை நினைவில் கொண்டுவாருங்கள்.

நான்காவதுதான் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது: அயல் காவலியின் அதிர்வுகள். ஒட்சைட்டின் அணுக்கள் அதிரும்போது எழும் மின்புலம் மேலே உள்ள படலத்துக்குள் ஊடுருவி இலத்திரனைச் சிதறடிக்கும். இங்கே ஓர் இழுபறி உண்டு. ஹஃப்னியம் ஈரொட்சைட்டு போன்ற உயர் அனுமதித்திறன் கொண்ட காவலியை வைத்தால், சிக்கிய ஏற்றங்களின் புலம் தணிகிறது, அது நன்மை. ஆனால் அதே காவலியின் அதிர்வுச் சக்தி 20 மில்லி இலத்திரன்வோல்ற்றுக்கும் கீழே. யாழ்ப்பாணத்து 30 பாகையில் வெப்பச் சக்தி 26 மில்லி இலத்திரன்வோல்ற்று. ஆகவே அந்த அதிர்வுகள் எப்போதும் விழித்திருக்கின்றன. சிலிக்கன் ஈரொட்சைட்டில் முதல் அதிர்வு 60 அருகே. அறுகோணப் போரன் நைத்திரைட்டில் ஏறத்தாழ 100. அறை வெப்பநிலையில் அது பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும். அதோடு அதன் மேற்பரப்பு அணு மட்டத்தில் சமதளமானது, சிக்கிய ஏற்றங்களும் குறைவு. ஜப்பானின் சுக்குபா நகரில் தனிகுச்சியும் வத்தனபேயும் வளர்க்கும் போரன் நைத்திரைட்டுப் படிகங்களை உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்கள் கேட்டுப் பெறுவதற்குக் காரணம் இதுதான். 2015இல் மொலிப்டினம் இருசல்பைட்டை இரு போரன் நைத்திரைட்டுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, கிராஃபீனால் தொடுப்புக் கொடுத்தபோது, தாழ் வெப்பநிலையில் ஓரடுக்கின் நகர்திறன் 1,000ஐயும் ஆறடுக்கின் நகர்திறன் 34,000ஐயும் எட்டியது.

இத்தனை தடைகளும் ஒன்றுசேர்வது எப்படி? மத்தீசனின் விதி: நகர்திறன்களின் தலைகீழ்கள் கூடும். போனோன்கள் மட்டும் இருந்தால் 130, மாசுகள் மட்டும் இருந்தால் 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் 57. மாசுகளைப் பத்து மடங்கு குறைத்து 1,000 ஆக்கினாலும் மொத்தம் 115க்கு மேல் போகாது. எந்தத் தடை ஆட்சி செய்கிறது என்று அறியாமல் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. வேறு எண்களை இட்டு ஓர் அட்டவணை தயாரித்துப் பாருங்கள்.

நான்காம் படி: எண்ணை நம்பும் முன்

படலத்தின் இரு முனைகளிலும் உலோகத் தொடுப்பு, கீழே உள்ள சிலிக்கனே வாயில், அதாவது வோல்ற்றளவால் இலத்திரன்களைக் கூட்டிக் குறைக்கும் முனை. இதுதான் எளிய திரான்சிற்றர். 300 நனோமீற்றர் ஒட்சைட்டின் கொள்ளளவம் சதுர மீற்றருக்கு 1.15 × 10⁻⁴ பரட்டு. வாயிலில் ஒரு வோல்ற்று கூட்டினால் சதுர சென்ரிமீற்றருக்கு 7 × 10¹⁰ இலத்திரன்கள் சேரும். படலத்தின் நீளம் அகலத்தின் இருமடங்கு, முனைகளுக்கிடையே 0.1 வோல்ற்று, வாயில் வோல்ற்று ஒன்றுக்கு மின்னோட்டம் 23 நனோ அம்பியரால் ஏறுகிறது என்றால் நகர்திறன் 40. இந்தக் கணக்கைச் செய்யத் தெரிந்தால் இத்துறையின் பெரும்பாலான கட்டுரைகளின் முதல் வரைபடத்தை நீங்கள் வாசிக்கலாம்.

இதில் இரு பொறிகள் உண்டு. இரு முனைகளால் மட்டும் அளந்தால் தொடுப்பின் தடையும் சேர்ந்து வரும். உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் இடையில் எழும் ஷொட்கி மதில் சிலவேளை படலத்தைவிட அதிகம் தடுக்கும். நான்கு முனைகளால் அளவிடுங்கள். கொள்ளளவம் மற்றைய பொறி. 2011இல் லொசான் நகரில் ஆந்த்ராஸ் கிஸ் குழுவினர் உருவாக்கிய ஓரடுக்குத் திரான்சிற்றர் இத்துறையின் மைல்கல். அதில் 200 என்று அறிவித்த நகர்திறனை 2013இல் வேறு இரு ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தினார்கள். மேல்வாயில் உள்ள கருவியில் கீழ்வாயிலின் கொள்ளளவம், எளிய சூத்திரம் தருவதைவிடப் பன்மடங்கு பெரிதாகலாம், அதனால் நகர்திறன் மிகைப்படும் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பின் எழுத்தையும் சேர்த்து வாசியுங்கள். அளவீட்டை எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. வசதி இருந்தால் ஹோல் விளைவால் இலத்திரன் அடர்த்தியை நேரடியாகப் பெறுங்கள்.

குறித்த ஓர் அதிர்வெண்ணில் வரும் சிறு சைகையை மட்டும் பிரித்து அளக்கும் லொக்-இன் விரியலாக்கியைப் பயன்படுத்துவோர் இலங்கையின் மின்வலு 50 ஹேர்ட்ஸ் என்பதை மனதில் வைத்து, அதன் மடங்குகளுக்குப் பொருந்தாத 13 அல்லது 17 போன்ற அதிர்வெண்ணைத் தெரிவுசெய்யுங்கள். மணிக்கட்டில் புவித்தொடுப்புப் பட்டி இல்லாமல் மாதிரியைத் தொடாதீர்கள். விரலின் நிலைமின் பொறி ஒன்றே படலத்தை எரித்துவிடும்.

ஐந்தாம் படி: குளிர்வித்துப் பார்த்தல்

வெப்பநிலைக்கு எதிராக நகர்திறனை வரைந்த வரைபடம் ஒரு வாக்குமூலம். வெப்பம் கூடக் கூட நகர்திறன் சரிந்தால் போனோன்கள் ஆள்கின்றன. குளிர்வித்துக்கொண்டே போகையில் ஓரிடத்தில் ஏறாமல் சமதரையானால், அங்கே மாசுகள் ஆள்கின்றன. அந்தச் சமதரையின் உயரமே மாதிரியின் தூய்மை. குளிரக் குளிரக் கடத்துதிறன் விழுந்தால் இலத்திரன்கள் குழிகளில் சிக்கி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகின்றன. ஒரே மாதிரியில் இலத்திரன் குறைவாக இருக்கும்போது தாவலும், அதிகமாக்கினால் உலோகம் போன்ற நடத்தையும் தெரிவது வழமை.

அடுத்து காந்தப்புலம். இலத்திரன் மோதும் முன் வட்டப்பாதையில் போதிய தூரம் சுற்றினால்தான் தடையில் ஷுப்னிகொவ்–டீ ஹாஸ் அலைவுகள் தெரியும். நிபந்தனை எளிது: நகர்திறனை மீற்றர் அலகில் எழுதிக் காந்தப்புலத்தால் பெருக்கினால் 1ஐத் தாண்ட வேண்டும். நகர்திறன் 34,000 எனில் 0.3 தெஸ்லா போதும். 1,000 எனில் 10 தெஸ்லா. முதற்படியில் கண்ட 50க்கு 200 தெஸ்லா, அதாவது நடைமுறைக்கு ஒவ்வாதது. வெப்பமும் ஒதுங்க வேண்டும். காந்தப்புலத்தில் இலத்திரனின் சக்தி குவாண்டம் படிகளாகப் பிரியும்; 10 தெஸ்லாவில் அவற்றின் இடைவெளி 2.3 மில்லி இலத்திரன்வோல்ற்று. அதை அறை வெப்பச் சக்தியான 26க்குள் எப்படித் தேடுவது? திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் வெப்பச் சக்தி 0.36. அப்போது படிகள் தெளிவாகத் தெரியும். ஒரு நுணுக்கம்: நகர்திறன் பெருங்கோணச் சிதறலையே அதிகம் கணக்கில் எடுக்கும், அலைவுகளோ சிறுகோணச் சிதறலாலும் அழியும். ஆகவே இந்த நிபந்தனை ஒரு தோராயம்.

பள்ளத்தாக்குகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓரடுக்கின் சக்திப் பட்டையில் இலத்திரன்கள் தங்கும் இரு தாழ்விடங்கள் உந்தத்தில் வெகுதூரம் பிரிந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சிதற, அணு அளவு கூர்மையான குறையோ, பெரிய உந்தம் கொண்ட போனோனோ தேவை. தொலைவில் உள்ள ஏற்றத்தின் வழவழப்பான புலத்தால் அது முடியாது. வலுப்பட்டையில் ஸ்பின்னும் பள்ளத்தாக்கோடு பூட்டப்பட்டிருக்கிறது. மொலிப்டினம் இருசல்பைட்டில் அந்தப் பிளவு 150 மில்லி இலத்திரன்வோல்ற்று அளவு, டங்ஸ்டன் இருசெலனைட்டில் 400ஐத் தாண்டும். வட்டமுனைவாக்கிய ஒளியால் ஒரு பள்ளத்தாக்கை மட்டும் நிரப்பலாம் என்று 2012இல் காட்டினார்கள். 2014இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பள்ளத்தாக்கு ஹோல் விளைவு (இரு பள்ளத்தாக்குகளின் இலத்திரன்கள் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்குவது) அளக்கப்பட்டது.

ஆறாம் படி: கணினியில் சிதறல்

ஹீலியமும் மின்காந்தமும் கைக்கு எட்டாவிட்டாலும் இந்தப் படியை யாழ்ப்பாணத்தில் எந்த அறையிலிருந்தும் செய்யலாம். பைதன் இலவசம். குவாண்டம் கடத்தலுக்கான குவாண்ட் (Kwant) தொகுப்பும் பட்டைக் கணிப்புக்கான குவாண்டம் எஸ்பிரெசோவும் இலவசம். ஆர்க்சைவ் தளத்தில் கட்டுரைகளைக் கட்டணமின்றி வாசிக்கலாம்.

ஒற்றைச் சங்கிலியில் தொடங்குங்கள். அயல் தளங்களுக்கிடையே தாவல் வலு 1. ஒவ்வொரு தளத்தின் சக்தியும் −W/2இலிருந்து +W/2 வரை எழுமாறாக. பட்டையின் நடுச் சக்தியில் ஊடுகடத்தலை (இலத்திரன் மறுமுனைக்குக் கடந்து செல்லும் நிகழ்தகவை) கணித்து, அதன் இயற்கை மடக்கையின் சராசரியைச் சங்கிலியின் நீளத்துக்கு எதிராக வரையுங்கள். W = 1 எனில் நூறு தளங்களுக்கு ஏறத்தாழ 2 என்ற வீதத்தில் இறங்கும் நேர்கோடு வர வேண்டும். Wஐ இருமடங்காக்கினால் சரிவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒழுங்கின்மையால் இலத்திரன் அலை ஓரிடத்திலேயே சிறைப்படுவது, பிலிப் அண்டர்சன் 1958இல் எழுதிய இடஞ்சிறைப்படல் இதுதான். 1977இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான எழுமாற்றுச் சங்கிலிகளின் சராசரி எடுங்கள், இடையிடையே கோப்பில் சேமியுங்கள். மின்வெட்டு சொல்லிக்கொண்டு வராது.

பின்னர் குவாண்ட் தொகுப்பில் தேன்கூட்டு அணிக்கோவையிலான ஒரு நாடாவை அமையுங்கள். இரு வகைத் தளங்களுக்கும் +Δ, −Δ என்ற சக்திகளைக் கொடுத்தால் 2Δ அகலமான சக்தி இடைவெளி திறக்கும். ஓரடுக்கு மொலிப்டினம் இருசல்பைட்டின் மிக எளிய மாதிரியுரு அது. அதில் முதலில் ஓரணு அளவு கூர்மையான குறைகளையும், அடுத்து பல கலங்கள் அகலமான வழவழப்பான குறைகளையும் தூவுங்கள். மொத்தச் சிதறலை இரண்டிலும் சமமாக வைத்து, பள்ளத்தாக்கு மாறிய பங்கைத் தனியே பிரித்தெடுங்கள். குறையின் அகலத்துக்கு எதிராக அந்தப் பங்கை வரைந்தால், ஒரு கலத்தின் நீளத்தைத் தாண்டியதும் அது செங்குத்தாக விழுவதைக் காண்பீர்கள். அந்த வரைபடத்தையும் அதை உருவாக்கிய நிரலையும் எடுத்துக்கொண்டு, இத்துறையில் ஆய்வு செய்யும் ஒரு விரிவுரையாளரின் கதவைத் தட்டுங்கள். ஐந்தாம் படிக்கான கருவி எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது, அதில் நேரம் கேட்பது எப்படி என்ற பேச்சை அதிலிருந்து தொடங்கலாம்.